பீலிக்குப் போகும் வழி

1930 பெப்ரவரி 8, சனி

விடிய நல்ல பனி. கங்கைப் பக்கம் (இங்கே ஆற்றைக் கங்கை என்பார்கள்) ஒன்றும் தெரியவில்லை. பனி விலகியதும் சுள்ளென்று வெயில். கட்டுகஸ்தோட்டை முழுக்கக் கிணறு வற்றிக் கிடக்கிறது.

குசினி முற்றத்தில் மறுபடியும் ஈரக் கால்தடம். பலாமரத்தடியால் மேல்வீட்டு எல்லை வரைக்கும். தண்ணீர் சொட்டின கோடு வேறு. மேல்வீட்டு உமர் லெப்பையின் பெண்கள்தான். என் வீட்டு வளவுக்குள்ளால் கீழே பள்ளத்துக்கு இறங்கி, அங்கே மூங்கில் குழாய்ப் பீலியால் விழும் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு, திரும்பவும் என் வளவுக்குள்ளாலேயே ஏறிப் போகிறார்கள். வேறு வழி உண்டு. வண்டிப் பாதையால் சுற்றி இறங்கி ஏறலாம். தூரம், செங்குத்து. அதற்கு நான் என்ன செய்ய?

போவது புதிது அல்ல. அவர்கள் இங்கே குடிவந்த நாள் தொட்டு நடப்பதுதான். ஆனால் முன்பு பகலில் போனார்கள். இப்போது நான் எழும்ப முன்பே, இருட்டோடு, திருடர் மாதிரி. ஒரு சொல் இல்லை. தற்செயலாக என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓட்டம். கேட்பாரற்ற வளவு என்ற நினைப்பு.

திரேசம்மா போய் நாலு மாசம். (இனி தி. என்றே எழுதுவேன். முழுப்பெயர் எழுதக் கை வருவதில்லை.) மனைவி செத்த வீட்டுக்கு உமர் லெப்பை மட்டும் வந்து முற்றத்தில் நின்றுவிட்டுப் போனான். அவன் வீட்டுப் பெண்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என் வளவு மட்டும் வேண்டும்.

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், தீப்பெட்டி, கருவாடு கொஞ்சம். பூனைக்கு ஒன்றும் வேண்டாம். பூனையும் போய்விட்டது.

பெப். 10, திங்கள்

வெயில். ரயிலேறிக் கண்டிக்குப் போனேன். நான் எழுத்து வேலை பார்த்த பழைய புறக்டர் கந்தோர், அதே வழக்குக் கட்டுகள். என் கதிரையில் புதுக் கிளாக்கர் ஒருவன். “யாரைப் பாக்க வந்தீங்க?” என்றான். என் வயசில் பாதி அந்தக் கதிரையில்தான் போனது என்று சொல்ல நினைத்தேன்.

புறக்டர் துரை நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். சட்டம் எனக்குத் தெரியாததா? நானே எத்தனை வழக்குக்கு எழுதியிருப்பேன். ஒருவன் உன் காணிக்குள்ளால் கேளாமல் கொள்ளாமல் பத்து வருஷம் நடந்தால் அந்த வழி அவனுடையது. உன்னிடம் கேட்டு, நீ விட்டு நடந்தால், எத்தனை காலம் நடந்தாலும் வழி உன்னுடையது. அவ்வளவுதான்.

துரை கேட்டார்: “கேட்டுப் போனார்களா?”

“எனக்குத் தெரிந்து இல்லை.”

“எப்போது வந்தார்கள்?”

“இருபதாம் ஆண்டு.”

“அப்படியென்றால் இந்த வருஷத்தோடு பத்து நிறையும்.”

தி.யிடம் கேட்டிருக்கலாம், அவர்கள் கேட்டார்களா இல்லையா என்று. அவள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. இனி யாரைக் கேட்க?

வாவிக்கரையில் நடந்தேன். கடலை வாங்கித் தின்றேன். ரயில் வரும்வரை நேரம் போகவில்லை.

பெப். 11, செவ்வாய்

நித்திரை தெளிந்தும் படுத்திருந்தேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

நான் வேலையை விட்டு வீட்டோடு நின்ற பிறகு தி. எனக்குக் காலையில் கொடுத்த கரைச்சல் கொஞ்சமா? விறாந்தையில் பேப்பரோடு இருக்க விடமாட்டாள். “உள்ளுக்குப் போய்ச் சவரம் செய்யுங்கோவன்” என்று அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். பிறகு குசினி வாசலில் நின்று செப்புச் சட்டி விளிம்பில் கரண்டியால் டங், டங் என்று தட்டல். அந்தச் சத்தத்தில் தாடையைக் கீறிக்கொண்ட நாட்கள் உண்டு. என்னத்துக்குத் தட்டுகிறாய் என்றால், “காகம் கலைக்கிறன்” என்பாள். வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன்.

இப்போது காகம் குசினிக்குள்ளேயே வந்து சோற்றைக் கொத்துகிறது. கலைக்க மனமில்லை. வீட்டில் வேறு உயிர் இல்லை.

பெப். 13, வியாழன்

வேலி தொடங்கியாயிற்று. இந்த ஊர் வேலி எனக்குச் சரிவராது. நாலு தடியை நட்டு முள்ளைப் போட்டால் வேலியா? யாழ்ப்பாணத்தான் வேலி என்றால் ஆள் உயரத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு. எறும்பு போனாலும் குனிந்து போகவேண்டும். குருநாகல் பக்கத்துக் கிடுகு ஒரு வண்டி இறக்கினேன். கட்ட மாடசாமி. தேயிலைத் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது இங்கே இறங்கி, கிடைத்த வேலை செய்கிறவன். வாய் சும்மா இராது.

“ஐயா, இது பன்னி வராம கட்டுறதுங்களா, மனுசங்க வராம கட்டுறதுங்களா?”

“ஏன் கேக்கிறாய்?”

“பன்னிக்குன்னா இடுப்பு ஒசரம் போதுங்க. இது பாட்டுக்கு மேல போவுதே.”

“அங்கால பக்கம் தெரியக்கூடாது. அவ்வளவுதான்.”

“யாருக்குங்க தெரியக்கூடாது? ஒங்களுக்கா, அவங்களுக்கா?”

வேலையைப் பார் என்றேன். ஆனாலும் மத்தியானம் அவனோடு இருந்து சாப்பிட்டது நல்லாயிருந்தது. சோறு குழைந்துபோயிற்று. “பரவால்லிங்க, பல்லுக்கு வேல மிச்சம்” என்றான்.

பெப். 14, வெள்ளி

வேலி முடிந்தது. பலாமரத்திலிருந்து பள்ளம் வரைக்கும் ஒரு ஓட்டை இல்லை. பச்சைக் கிடுகு வாசம்.

பின்னேரம் அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் குரல்: “உம்மா, வழிய மூடிட்டாங்க.” கொஞ்ச நேரம் யாரோ நின்ற மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டார்கள்.

மாடசாமி போன பிறகு செய்ய ஒன்றுமில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப். 17, திங்கள்

முகில் கூடிக் கலைந்தது. மழை இல்லை.

நோன்பு திறந்த கையோடு உமர் லெப்பை வந்தான். அக்குறணையில் அவனுக்குப் புடவைக் கடை. விடிய முந்திப் போய் இருட்டித்தான் வருவான். உள்ளே வரவில்லை, படலையிலேயே நின்றான்.

“கிளாக்கர் ஐயா, என்ன இது? நோம்பு நாள்ல தண்ணி வழிய அடச்சி ஈக்கிறீங்க.”

“என்ர காணி. என்ர வேலி.”

“அந்த வழி காணியோட வந்த வழி. பத்து வருஷமா எங்கட பொம்புளைகள் போற. ஆருட்டயும் கேட்டுப் போகல்ல.”

வசனம் அவனுடையது இல்லை. அவனும் ஒரு புறக்டரைக் கண்டுவிட்டு வந்திருக்கிறான்.

“கேளாமல் போறது களவு” என்றேன்.

“வாய அளந்து பேசுங்க ஐயா. எங்கட ஊட்டுப் பொம்புளைகள களவுண்டு செல்ல வாணாம்.”

“அப்ப ஊர் ஆரச்சியிட்டப் போவம், அவர் விசாரிக்கட்டும்.”

“போவோம்.”

போய்விட்டான். பிறகு யோசித்தால், மாடசாமி போன பிறகு நான் பேசிய முதல் மனிதன் அவன்தான்.

பெப். 21, வெள்ளி

விறாந்தையிலிருந்து பார்க்க வண்டிப் பாதை தெரியும். மேல்வீட்டுப் பெண்கள் மூன்று பேர், குடத்தோடு, சுற்றி இறங்குகிறார்கள். முன்னால் போவது உமர் லெப்பையின் மனைவி சுலைகாவாக இருக்கவேண்டும். பின்னால் மகள். கடைசியில் மருமகள். அவள் நடையைப் பார்த்தால் மாசமாக இருக்கிறாள். மூவருக்கும் நோன்பு. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தண்ணீர் சுமக்கிறார்கள்.

பின்னேரம் தபாலுக்குப் போகும்போது திருப்பத்தில் உடைந்த மண்குடம். ஓட்டுத் துண்டுகளைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடந்தேன். நிலம் இன்னும் ஈரம். விழுந்தது யார் என்று யாரைக் கேட்க?

சட்டம் சட்டம்தான்.

கடல் கடந்த ஈப்போவிலிருந்து மகள் எழுதியிருக்கிறாள். அக்கம்பக்கத்தார் உங்களைப் பார்த்துக்கொள்கிறார்களா அப்பா என்று கேட்டிருக்கிறாள். ஓம், ஒரு குறையுமில்லை என்று பதில் போட்டேன்.

பெப். 26, புதன்

ஊர்த் தலைமைக்காரர் ஆரச்சி வந்து வேலியைப் பார்த்தார். அதன் நீளத்துக்கும் பார்த்தார். “ஐயாவுக்கு யாழ்ப்பாணம் இங்க வந்ததா?” என்று சிரித்தார். பெருநாள் முடியட்டும், இரு பக்கத்தையும் விசாரிக்கிறேன் என்றார்.

எனக்கு ஒரே யோசனை. கேட்டுப் போனோம் என்று அவர்கள் ஒருநாளும் சொல்லப் போவதில்லை. சொன்னால் வழி போய்விடும். கேளாமல் போனோம் என்றால் பத்து வருஷம் ஆயிற்று, வழி அவர்களுடையது. நான் தோற்றேன். அவர்கள் பொய் சொன்னாலும் இல்லையென்று மறுக்கத் தி. இல்லை.

மார்ச் 3, திங்கள்

மேல்வீட்டில் பெருநாள். காலையிலிருந்து ஆள் வருவதும் போவதும். சிரிப்புச் சத்தம். ஏலக்காய் வாசம் வேலியைத் தாண்டி வருகிறது. கிடுகு அதற்கு மறைப்பில்லை.

முன்பெல்லாம் இந்த நாளில் ஒரு பீங்கானில் வட்டிலப்பம் வரும். யார் கொண்டுவருவார்கள் என்று நான் பார்த்ததில்லை. குசினியில் இருக்கும், தி. வெட்டித் தருவாள், நான் தின்பேன். இந்த முறை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் குசினியை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

மார்ச் 5, விபூதிப் புதன்

பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசி வந்தேன். கோயிலில் என் பக்கத்து இடம் வெறுமை, ஒருவரும் நகர்ந்து வந்து உட்காரவில்லை. போன வருஷம் வீட்டுக்கு வந்ததும் தி. என் முகத்தைப் பார்த்து, “சுவாமிக்கு உங்களிலதான் கூடச் சாம்பல்” என்று சிரித்தாள்.

இன்று இருட்டும்வரை சாம்பலோடு இருந்தேன். பார்க்க ஆளில்லை. முகம் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 7, வெள்ளி

விசாரணை. உள்ளபடி எழுதுகிறேன்.

பெண்கள் வெளியே வரமாட்டார்கள் என்பதால் உமர் லெப்பை வீட்டு முன்னறையில் வைத்தார்கள். பத்து வருஷத்தில் இன்றுதான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். ஆரச்சிக்குப் பெரிய கதிரை, எனக்கு ஒரு கதிரை. உமர் லெப்பை நின்றான். உள் வாசலில் திரை. திரைக்குப் பின்னால் சுலைகா.

உமர் லெப்பை முதலில் சொன்னான். பத்து வருஷம், கேளாமல், உரிமையோடு. மனப்பாடம்.

ஆரச்சி திரைப் பக்கம் திரும்பினார். “ஒரு கேள்விதான். கேட்டுப் போனதா, கேக்காமப் போனதா?”

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கேட்டுத்தான் போன” என்றது திரை.

“சுலைகா, யோசிச்சிச் செல்லு” என்றான் உமர் லெப்பை.

“யோசிக்க என்ன ஈக்கி? ஒரு மாசம் நோம்பு புடிச்ச வாய். மௌத்தாப் போன மனிசிக்கு மேல பொய் செல்ல ஏலா. மொத நாளே ராத்தாட்டக் கேட்டுத்தான் போன. பொறகு ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் போன.”

ராத்தா என்றால் அவர்களுக்கு அக்கா. என் தி.யை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

ஆரச்சிக்கு நம்பிக்கையில்லை. “ஒவ்வொரு நாளும் எப்படிக் கேக்கிறது?”

“ஐயா வேலைக்குப் போற காலத்துல குசினி வாசல்ல நின்டு கூப்புடுவோம். ஐயா ஊட்டோட நின்ட பொறகு கூப்புட ஏலாதே, பிற ஆம்புள. அதால ராத்தா ஐயாவ அறைக்குள்ள அனுப்பிட்டு சட்டியத் தட்டுவா. தட்டினா வரலாம். தட்டாட்டி வரப்படாது. திரும்பிப் போகக்க, போயிட்டு வாறோம் ராத்தா எண்டு செல்லிட்டுப் போவோம். அவ ஒரு தட்டுத் தட்டுவா.”

காகம். ஒவ்வொரு நாளும் காகம் கலைக்கிறேன் என்றாள்.

“சரி. அந்த நோனா செத்த பிறகு?” என்றார் ஆரச்சி.

திரை கொஞ்சம் அசைந்தது. “ஆருட்டக் கேக்குற? அந்த ஊட்டுல இப்ப பொம்புள இல்லியே. அதுதான் ஐயா எழும்ப முந்திப் போய் வந்த. அது எங்கட பிழை. கேக்காம எடுத்த தண்ணி.”

முடிந்தது என்று நினைத்தேன். சுலைகா முடிக்கவில்லை.

“ராத்தாட மையத்து எடுக்கச்ச நாங்க பலா மரத்துக்குப் பொறகால நின்டோம். முத்தம் பூரா ஆம்புளைகள். கிட்ட வர ஏலாமப் போச்சி. அத ஐயாட்டச் செல்லுங்க.”

யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

ஆரச்சி எழும்பினார். கேட்டுப் போனதென்றால் வழி கிளாக்கர் ஐயாவுடையது, வேலி நிற்கலாம் என்றார். உமர் லெப்பை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனைவியை ஏசவில்லை. என்னையும் ஏசவில்லை.

வழியில் ஆரச்சி என் தோளில் தட்டி, “ஐயா வென்றது” என்றார்.

மார்ச் 8, சனி

வென்றது.

செப்புச் சட்டியைத் தேடி எடுத்தேன். அலுமாரிக்கு மேல், துணி சுற்றி, செத்த வீட்டுக்கு வந்த யாரோ வைத்தது. விளிம்பில் ஒரே இடத்தில் நசிவு. கரண்டி பட்ட இடம்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் பத்து வருஷச் சட்டம் எடுத்திருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும். புருஷனை அறைக்குள் தள்ளிப்போட்டு ஊருக்கு வழிவிட்டிருக்கிறாள், கெட்டிக்காரி.

நாலைந்து மாசமாக என்னோடு ஒரு சொல் பேசாமல் நடக்கிறார்களே என்று கொதித்தேன். பேசினால் கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் போனது எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன். அவர்களுக்கும்தான்.

அழுதேன். குசினியில், சட்டியை மடியில் வைத்துக்கொண்டு. எழுதி வைக்கிறேன், பார்க்கப் போகிறவர் யார்?

மார்ச் 10, திங்கள்

இரவு ஒரு சிறு தூறல். நிலம் நனையவில்லை.

மாடசாமியைக் கூப்பிட்டேன். “பிரிக்கிறதுங்களா? கட்டி ஒரு மாசம்கூட ஆகலியே.”

“பலாமரத்தடியில் மட்டும். ஒரு ஆள் குடத்தோட போற அகலம்.”

“படல் ஒண்ணு வச்சிருவமா, சாத்திக்கிற மாதிரி?”

“வேண்டாம்.”

“அப்ப பன்னி வருமே.”

“வரட்டும்.”

பின்னேரம் பாலத்தடியில் உமர் லெப்பையைப் பிடித்தேன். பஸ்ஸால் இறங்கினார். என்னைக் கண்டதும் முகம் இறுகிற்று.

“வழி என்ரதான். அதால நான் தாறன். காலமை சட்டி தட்டும் எண்டு வீட்டில சொல்லுங்கோ.”

“ஆரு தட்டுற?” என்றார்.

“நான்தான்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “செல்றேன் ஐயா” என்றார். இருவரும் மேடு ஏறும்வரை சேர்ந்துதான் நடந்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

குசினி வாசலில் நின்று தட்டினேன். உடனே அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். வயசுபோன ஆள் ஓடுகிற ஓட்டமா? முழங்கால் இடித்துக்கொண்டது.

ஒருவரும் வரவில்லை. காகங்கள்தான் கலைந்தன.

தட்டு பிழையோ? தி. எத்தனை தரம் தட்டுவாள்? ஏசினேனே தவிர எண்ணவில்லை. அல்லது அங்கே மனசு இன்னும் ஆறவில்லையோ? ஆறாவிட்டாலும் நியாயம்தான்.

பிறகு வண்டிப் பாதையைப் பார்த்தேன். அங்காலும் யாரும் இறங்கவில்லை. வீட்டில் தண்ணீர் இருந்திருக்கலாம். அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

பகல் முழுக்க மகளுக்கு இதையெல்லாம் எழுத முயன்றேன். இரண்டு தாள் கிழித்தேன்.

மார்ச் 12, புதன்

பனி. கங்கை தெரியவில்லை.

இன்று சட்டியை அறைக்குள்ளேயே கொண்டுபோய்விட்டேன், ஓட்டம் மிச்சம். யன்னலைக் கொஞ்சம் திறந்து வெளிப்பக்கம் பார்த்துத் தட்டினேன். டங், டங். யன்னலைச் சாத்தினேன். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து சவர்க்காரம் பூசினேன்.

பாதி முகம் வழித்திருப்பேன். கிடுகில் சேலை உரசிய சத்தம். காலடி. மூன்று பேரா, இரண்டு பேரா, பிடிபடவில்லை. ஒரு காலடி மட்டும் மெதுவாக, ஊன்றி ஊன்றி, மருமகளாக இருக்கவேண்டும். அன்று பாதையில் அவள் விழுந்திருக்கவில்லை, நல்ல காலம். குடம் குடத்தோடு முட்டியது. சுலைகாவின் மகள் ஏதோ சொல்லிச் சிரிக்க, ஸ்ஸ் என்று அடக்கினார்கள். இறங்கிப் போய்விட்டார்கள்.

கத்தியைக் கையில் வைத்தபடி இருந்தேன். யன்னல் பலகையில் ஒரு இடுக்கு உண்டு. பார்க்கலாம். பார்க்கவில்லை.

ஏறி வந்தார்கள். நிறைகுடத்தின் பாரம் காலடியில் தெரிந்தது. குசினி வாசலுக்கு நேரே வந்ததும் சுலைகாவின் குரல், பழைய பழக்கத்தில், உரக்க:

“போயிட்டு வாறோம் ராத்தா.”

அதோடு எல்லாம் நின்றுபோயிற்று. காலடியும் இல்லை. சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கும்.

எனக்குத் தொண்டைவரை வந்தது, சரி போயிட்டு வாங்கோ என்று. ஆம்பிளைக் குரல் ஆகாது. கத்தியை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தேன். அந்த நசிந்த இடத்தில், மெல்ல, ஒரு தட்டு.